பதினான்கு நாளை இரண்டு தரம் தொலைத்தவளின் மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தொழில் பார்க்கும் சட்டத்தரணிகளுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாலு ஏக்கர் வயல் செய்கிற பெண் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மகள் தட்டச்சு செய்து தருகிறாள். சொல் எல்லாம் என்னுடையது. கடன் தந்தவரின் பெயரோ, என் வழக்கைப் பேசிய சட்டத்தரணியின் பெயரோ, கோட்டின் (நீதிமன்றத்தின்) பெயரோ இதில் வராது. என் வழக்கு இன்னும் முடியவில்லை, அதை இங்கே பேசி முடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் வயல் வட்டையில் இன்னும் மூன்று வீட்டில் இதே கதை நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகு, உங்கள் எல்லாரிடமும் பொதுவில் கேட்க வேண்டிய கேள்விகள் சில எனக்கு இருக்கின்றன.

கடனிலிருந்து தொடங்குகிறேன்.

2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் உரம் திரும்பி வந்தது, விலையோடு வந்தது. 2022 சிறுபோகத்துக்கு என்னிடம் விதைநெல் இருந்தது, வேறொன்றும் இருக்கவில்லை. ஒருவரிடம் 3 இலட்சம் ரூபா வாங்கினேன். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, மேசையில் ஒரு அச்சடித்த தாள். 'ரூபா' என்று போட்டு ஒரு கோடு, 'எழுத்தால்' என்று போட்டு இன்னொரு கோடு, திகதிக்கு ஒரு கோடு, கீழே முத்திரை. கோடுகளில் ஒரு எழுத்தும் இல்லை. நீலப் பேனையை என் கையில் தந்து, "இது ஒரு நம்பிக்கைக்குத்தான் புள்ள, பயப்படாத" என்றார். முத்திரைக்கு மேல் ஒப்பம் வைத்தேன். காசை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதினொரு மாதம் வட்டி கட்டினேன். மாதம் 30,000. அந்தக் கணக்கு முழுக்க ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. வட்டி வாங்க வரும் பொடியன் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னதாக ஒப்பம் போடுவான். இரண்டு மாதம் மட்டும் பேனை இல்லாமல் பென்சிலால் போட்டான். அந்தக் கொப்பியை அடுக்களையில் அரிசி வாளிக்கு மேல் வைத்திருந்தேன், அதனால் அட்டையில் எண்ணெய்க் கறை. கூட்டிப் பார்த்தால் 3,30,000 ரூபா. வாங்கிய முதலை விட 30,000 கூட. அதற்குப் பிறகு விளைச்சல் சரிவரவில்லை, நிறுத்திவிட்டேன். நிறுத்தியது உண்மை. முதல் கொடுக்க இருக்கிறது என்பதையும் நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

2024இல் சம்மன் வந்தது. தொகை 12 இலட்சம்.

சம்மனோடு, நான் ஒப்பம் வைத்த அந்தத் தாளின், அதாவது புறோநோட்டின், போட்டோப் பிரதி ஒன்றும் இருந்தது. வெறுமையாகக் கிடந்த கோடுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் ஒப்பம் அதே இடத்தில், அதே சரிவோடு. பன்னிரண்டு இலட்சம் என்று வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை.

அந்தச் சம்மன் சாதாரண வழக்குச் சம்மன் இல்லை என்பதை நான் அன்று விளங்கிக்கொள்ளவில்லை. நானும் வந்து என் பக்கத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 53ஆம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறதாம், 703ஆம் பிரிவிலிருந்து தொடங்குமாம். புறோநோட்டு, காசோலை, தொகை குறித்த எழுத்துப் பத்திரம் ஆகியவற்றுக்குச் சுருக்க முறை வழக்கு. வழக்காளி மூலப் பத்திரத்தைக் கோட்டில் கொடுத்து, இந்தத் தொகை நியாயமாக எனக்கு வரவேண்டியது என்று சத்தியக்கடதாசி முடித்தால் போதும். எதிராளிக்கு வாய் திறக்கவே அனுமதி வேண்டும். சம்மனில் சொன்ன நாளுக்குள் அனுமதி கேட்டு, அது கிடைத்தால்தான் எதிர்வழக்காடலாம். கிடைக்காவிட்டால் விளக்கமே, அதாவது இரு பக்கத்தையும் கேட்டு விசாரிப்பதே, இல்லாமல் டிக்கிரி, காசைக் கட்டு என்ற தீர்ப்பு. இங்கிலாந்தில் 1855இல் உண்டியல் வியாபாரிகளின் வழக்கு இழுபடக்கூடாதென்று கொண்டுவந்த முறையின் வழியில் இது 1889இல் எங்கள் சட்டக்கோவைக்குள் வந்து குந்திக்கொண்டது. அந்த வியாபாரிகள் எழுதப் படிக்கத் தெரிந்து, தொகையைப் பார்த்து ஒப்பம் வைத்தவர்கள். எங்கள் விறாந்தை மேசை வேறு.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் கோட்டில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரிடம் நான் போனது எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன் போனது உங்களில் ஒருவரிடம்.

அந்த அறையை நான் மறக்கமாட்டேன். வெளியே வாங்கில் பதினைந்து பேர், உள்ளே இரண்டு மேசை. என் முறை வந்தபோது சட்டத்தரணி சம்மனைப் பார்த்தார், நாலைந்து கேள்வி கேட்டார், பக்கத்து மேசைப் பிள்ளை அடிக்கத் தொடங்கிவிட்டாள். நான் பையிலிருந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. "அது வழக்கு விளங்குற நேரம் காட்டலாம் அம்மா, இப்ப தேவையில்ல" என்றார். திருப்பிப் பைக்குள் வைத்தேன்.

ஒன்றரைப் பக்கம் அடித்து வந்தது, இங்கிலீசில். என் பெயரும் ஊரும் தொகையும் மட்டும் எனக்கு விளங்கின. அடுத்த கடைக்குள் ஒரு சமாதான நீதவான் இருந்தார். அங்கே கொண்டுபோய் ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மேலே எழுதியிருப்பது எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்று கீழே ஒரு வரி இருக்கிறதென்று முதலியார்தான் பிறகு காட்டினார். அப்படி யாரும் வாசிக்கவில்லை. இரண்டு வருட இடைவெளியில் இரண்டு மேசை. முதல் மேசையில் வெறுந்தாளில் ஒப்பம் வைத்தேன், இரண்டாவது மேசையில் எனக்குத் தெரியாத பாஷையில் ஒப்பம் வைத்தேன். முதலாவதுக்கு என்னை முட்டாள் என்று சொன்னவர்கள் இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சத்தியக்கடதாசியில் என்ன இருந்தது? கடனை மறுக்கிறேன், தொகையை மறுக்கிறேன், எனக்கு நல்ல எதிர்வாதம் இருக்கிறது. அவ்வளவுதான். வெறுந்தாளில் ஒப்பம் வாங்கியது இல்லை. 3 இலட்சம்தான் வாங்கினேன் என்பது இல்லை. பதினொரு மாத வட்டி இல்லை. கொப்பி இல்லை.

'வழக்கு விளங்குற நேரம்' வரவேயில்லை. வரமுடியாது என்பதுதான் இந்த முறையின் அர்த்தமே. விளக்கம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்த ஒன்றரைப் பக்கம்தான். அதில் இல்லாதது நீதிபதிக்கு இல்லை. நான் நீதிபதியைக் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் இருந்த கடதாசியைப் பார்த்தால் நானும் அப்படித்தான் தீர்மானித்திருப்பேன், ஏதோ நாள் கடத்தப் பார்க்கிறாள் என்று. எதிர்வாதம் முதல் பார்வையிலேயே நிற்காது என்று பட்டால், அல்லது அதன் நேர்மையில் சந்தேகம் வந்தால், தொகையைக் கோட்டில் கட்டு என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுக்கலாம் என்று 704ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, அந்த இரண்டு காரணமும் இல்லாவிட்டால் அப்படிக் கட்டச் சொல்லக்கூடாது என்றும் சொல்கிறது. எனக்குக் கிடைத்தது: 12 இலட்சத்தையும் ஜனவரிக்குள் கட்டு, கட்டினால் எதிர்வழக்காடு.

12 இலட்சம் கையில் இருக்கிறவள் எதற்காக நூற்றுக்குப் பத்துக்குப் போகிறாள்?

இது 2024 நவம்பர் மூன்றாம் வாரம். கோட்டு வாசலில் நின்று சட்டத்தரணியிடம் கேட்டேன், இனி என்ன செய்வது என்று. "காசு கட்டப் பாருங்கோ. இல்லாட்டி மறுகா அப்பீல் போடலாம், அறுபது நாள் இருக்கு" என்றார். அறுபது நாள். விரலில் எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜனவரி மூன்றாம் வாரம் வரை இருக்கிறது என்று நிம்மதி.

அடுத்த கிழமை வெள்ளம். 26ஆம் திகதியிலிருந்து எங்கள் பக்கம் ரோட்டுத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தை டவுண் பக்கத்தோடு சேர்க்கிற மண்முனைப் பாலம் வந்து அப்போது பத்து வருடம், பாலம் அசையாமல் நின்றது, ஆனால் பாலத்துக்கு வந்து சேருகிற ரோட்டு தண்ணீருக்குள் என்றால் பாலத்தை வைத்து என்ன செய்வது? கதிர் வராத பயிர் நாலு ஏக்கரும் மூன்று நாள் மூடிக் கிடந்தது. கொப்பியை ஷொப்பிங் பையில் போட்டு முடிந்து, முகட்டு வளையில் கட்டித் தொங்கவிட்டேன். காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் அதே பைக்குள்தான் இருந்தன. ரோட்டு வெளித்து நான் டவுணுக்குப் போகும்போது டிசம்பர் இரண்டாம் கிழமை. பிந்திவிட்டதா என்று நான் கேட்கவும் இல்லை, பிந்திவிட்டது என்று யாரும் சொல்லவும் இல்லை. அறுபது நாளில் பாதி கூடப் போகவில்லையே!

உண்மையில் அந்தக் கதவு அதற்கு முன்பே பூட்டியாகிவிட்டது. கட்டு என்று சொன்னது தீர்ப்பு இல்லை, இடையில் வரும் கட்டளை. அதற்கு எதிராகப் போவதென்றால் மேல் நீதிமன்றத்தில் முதலில் மேன்முறையீட்டு அனுமதி கேட்க வேண்டும். 757ஆம் பிரிவு. 14 நாள். கட்டளை சொன்ன நாளும் மனுக் கொடுக்கிற நாளும் கழியும், ஞாயிறும் பொது விடுமுறையும் கழியும். வெள்ளம் கழியாது.

ஜனவரி கடைசியில், காசு கட்டவில்லை என்று டிக்கிரி ஆனது. இப்போது இது முடிந்த தீர்ப்பு, வேறு பாதை. 754ஆம் பிரிவின் கீழ் முதலில் மேன்முறையீட்டு அறிவித்தல். அதற்கும் அதே 14 நாள், அதே கோட்டில் கொடுக்க வேண்டும், எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணையும் வைக்க வேண்டும். பிறகுதான் மேன்முறையீட்டு மனு. நான் விரலில் எண்ணிய 60 நாள் அந்த மனுவுக்கு உரியது. அறிவித்தல் இல்லாமல் மனு மட்டும் கொடுப்பது, அத்திவாரம் போடாமல் கூரைக்கு ஓடு வாங்குவது மாதிரி என்றார் முதலியார்.

அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன்? வெள்ளத்துக்குத் தப்பிய ஒன்றரை ஏக்கரில். இரவில் யானை வருகிறது, வாடியில் படுத்து வெடி போட ஆள் வேண்டும். மகன் ஒரு இரவு, நான் ஒரு இரவு. டிக்கிரி ஆகி இருபத்தைந்தாம் நாள் சட்டத்தரணியின் அறைக்குப் போனேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்க முந்தியே வந்திருக்கணும் அம்மா" என்றார்.

அந்த வசனம்தான் என்னை எழுத வைத்தது. எந்த நாளுக்கு முந்தி? அந்த நாளை எனக்கு யார் சொன்னது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நியாயத்துக்காக. தீர்ப்பா கட்டளையா என்பது உங்களுக்கே இலேசான கேள்வி இல்லையென்று எனக்குத் தெரியும். 1984இல் எயார் சிலோன் வழக்கில் உயர் நீதிமன்றம் அதைப் பேசியது. பிறகும் வழக்குக்கு வழக்கு இழுபட்டு, 2017இல் ஏழு நீதியரசர்கள் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டி வந்தது. ஏழு நீதியரசர்கள் அமர்ந்து பிரிக்க வேண்டிய நூலை, யானைக் காவலுக்குப் போகிறவள் கோட்டு வாசலில் நின்று பிரித்துக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் தொழில். அதற்குத்தான் நாங்கள் காசு தருகிறோம், நான் தந்த காசுக்கு ஒரு மாடு விற்றேன்.

முதலியாரிடம் போன கதைக்கு வருகிறேன். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு முருங்கை, அதற்குக் கீழே கதிரை. கடதாசிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சத்தமாக வாசித்தார். என் சத்தியக்கடதாசியை வாசித்து முடித்துவிட்டு, மறுபக்கம் திருப்பிப் பார்த்தார், இன்னும் ஏதாவது இருக்குமென்று. பிறகு கொப்பியை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். "மூல நோட்டைப் பார்த்தியா புள்ள?" என்றார். பார்க்கவில்லை. போட்டோப் பிரதி எல்லாம் கறுப்புத்தானே. விண்ணப்பம் போட்டு வழக்கேட்டைப் பார்க்கப் போனோம். கோட்டுப் பதிவறையில் அந்தத் தாளைப் பிரித்து வைத்தார்கள். என் ஒப்பம் நீலம். தொகை, எழுத்து, திகதி எல்லாம் கறுப்பு. அதுவும் ஜெல் பேனைக் கறுப்பு, ஒரு இடத்தில் கை பட்டு இழுபட்டிருந்தது. இரண்டு மை, இரண்டு கை, இரண்டு நாள். அந்த ஒரு தாளை நவம்பருக்கு முன் யாராவது எழும்பிப் போய்ப் பார்த்திருந்தால், அந்த ஒன்றரைப் பக்கத்தில் இதை மூன்று வரியில் எழுதியிருக்கலாம்.

அவர் அன்று சொன்ன வேறு சிலவும் உண்டு. உங்களுக்குப் புதிதில்லை, என் போன்றவர்கள் இதையும் வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். தொகை வெறுமையாக விட்ட புறோநோட்டைக் கடனுக்குப் பிணையாக வாங்குவதே 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தில் குற்றம். கடனுக்கு வாங்கும் நோட்டில் உண்மையில் கொடுத்த முதலும், முன்கூட்டிக் கழித்த வட்டியும், வருட வட்டி வீதமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நியாயமற்ற வட்டியாக இருந்தால் கோட்டு கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். அதற்கும் பழைய 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வட்டியாக அறவிடுவது முதலை விஞ்சக்கூடாது என்கிறது. இன்னொன்று: சிறு தொகை வழக்குகள் கோட்டுக்கு வருமுன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழோடு வர வேண்டும். 3 இலட்சம் என்றால் அந்தப் படி ஏற வேண்டும். சபையில் ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள், கொப்பியைத் திறந்து பார்ப்பார்கள். 12 இலட்சம் என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. அது ஏன் 12 என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன், முருங்கைக்குக் கீழேதான் விளங்கியது.

இத்தனை ஆயுதம் சட்டத்துக்குள் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தரப்படவில்லை. இப்போது மேலே போனாலும், கீழே சொல்லாததை மேலே போய்ப் புதிதாகச் சொல்வது இலேசில்லை என்கிறார்கள். மேன்முறையீடு என்றால் மேலே போய் முழுக் கதையையும் திரும்பச் சொல்லலாம் என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது. மேலே இருக்கிறவர்கள் கீழே இருந்த கடதாசியைத்தான் பார்ப்பார்கள். இதை உங்களில் எத்தனை பேர் முதல் நாளே சொல்கிறீர்கள்?

பிந்தியவர்களுக்கும் ஒரு வாசல் இருப்பதாக முதலியார் சொன்னார். 765ஆம் பிரிவு: தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தவறவிட்டவர், நல்ல மேன்முறையீட்டுக் காரணமும் இருந்தால், நாள் கடந்தும் அனுமதி கேட்கலாம். வெள்ளம் அப்படிப்பட்ட காரணம்தானே என்று சந்தோசப்பட்டேன். அது டிக்கிரிக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு. வெள்ளம் வந்ததோ டிக்கிரிக்கு முன், கட்டளையின் 14 நாளுக்குள். டிக்கிரிக்குப் பிறகு வந்தது யானை. தினமும் வருகிற யானை கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதா என்று கோட்டுத்தான் சொல்ல வேண்டும். டிக்கிரி தந்த அதே கோட்டிலேயே, விசேட காரணம் காட்டி அதை நீக்கக் கேட்க 707ஆம் பிரிவில் இடமிருக்கிறது. மீளாய்வு மனு என்று இன்னொரு வழியும் உண்டு. இதில் எதை நாங்கள் பிடித்திருக்கிறோம் என்பதை இங்கே எழுதவில்லை. ஒரு இளம் சட்டத்தரணி வழக்கை எடுத்திருக்கிறார். முதல் நாள் கொப்பியைக் கேட்டு வாங்கி, பென்சில் ஒப்பம் உள்ள பக்கத்தைப் போன் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். அன்றுதான் எனக்கு நித்திரை வந்தது.

வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் எடுத்தவர்கள் கதை இதைவிட இறுக்கம். அவர்களுக்கு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம். அதில் நிபந்தனை டிக்கிரி முதலில் ஆகிவிடும், பிறகுதான் அறிவித்தல் வரும். காசைக் கட்டி, அல்லது பிணை வைத்து, அல்லது விளங்க வேண்டிய கேள்வி இருக்கிறது என்று சத்தியக்கடதாசியால் கோட்டைத் திருப்திப்படுத்தி, அனுமதி எடுக்க வேண்டும். அங்கேயும் எல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் தொங்குகிறது.

இனி நான் கேட்பது.

சுருக்க முறை வழக்குச் சம்மனோடு ஒருவர் வந்தால், சத்தியக்கடதாசியைத் தமிழில் தயாரியுங்கள். எங்கள் கோட்டின் மொழி தமிழ்தான். தமிழில் போட்டால் தள்ளுபடி ஆகாது. இங்கிலீசில்தான் வேண்டுமென்றால், ஒப்பத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், சமாதான நீதவானுக்கும் அதையே சொல்லுங்கள். வாசிக்காத கடதாசியில் வாசித்ததாக வரி போடாதீர்கள். அதைவிட, கட்சிக்காரர் பையிலிருந்து எடுக்கிற கொப்பி, துண்டு, பற்றுச்சீட்டு எதையும் திருப்பி வைக்கச் சொல்லாதீர்கள். சத்தியக்கடதாசியோடு இணையுங்கள். மூலப் பத்திரத்தை, போட்டோப் பிரதியை அல்ல, போய்ப் பாருங்கள்.

கட்டளையோ தீர்ப்போ வந்த அன்றே, கோட்டு வாசலில் வைத்தே, ஒரு துண்டில் எழுதித் தாருங்கள்: இது கட்டளையா தீர்ப்பா, அனுமதி மனுவா அறிவித்தலா, கடைசித் திகதி எது. மூன்று வரி. வாயால் சொன்னது பஸ்ஸுக்குள் மறந்துபோகும். உங்களுக்கே எந்தப் பாதை என்று நிச்சயமில்லாவிட்டால் குறுகிய நாளை எழுதுங்கள், நீண்ட நாளை எழுதாதீர்கள். வழக்கை மேலே கொண்டுபோக உங்களுக்கு நேரமோ விருப்பமோ இல்லையென்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு ஆளைப் பார்க்கிறோம். காசு இல்லாதவரென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள். 1978இலிருந்து அதற்கென்றே சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு இடம் இருப்பது டிக்கிரி ஆகும்வரை எனக்குத் தெரியாது.

கடன் கொடுப்பவர்களுக்காக வழக்குப் போடுகிறவர்களும் உங்களில்தான் இருக்கிறீர்கள். இரண்டு மையில் எழுதிய நோட்டைக் கொண்டு ஒருவர் வந்தால், தொகை எப்போது எழுதப்பட்டது என்று அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் சுருக்க முறையில் போடாதீர்கள்.

உங்கள் சங்கங்கள் கூட்டம் கூடும்போது, வெள்ளமோ புயலோ வந்து ரோட்டு அடைபட்ட நாட்களை மேன்முறையீட்டு நாட்கணக்கில் கழிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எடுத்து நீதி அமைச்சுக்கு அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் மாவட்டக் கோட்டு மேன்முறையீடு கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வந்தது. கோட்டு கிட்ட வந்துவிட்டது, ரோட்டுத்தான் தண்ணீருக்குள் போகிறது. முழுத் தொகையையும் கட்டு என்ற நிபந்தனையைக் கேட்கும்போதே, அதற்கு 704ஆம் பிரிவு சொல்லும் காரணம் எது என்று நீதிபதியிடம் மரியாதையாகக் கேட்டுப் பதிவில் ஏற்றுங்கள். மேலே போகிறவருக்கு அந்த வரி தேவைப்படும்.

எங்கள் வட்டையில் நான் சொன்ன மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்குப் போன கிழமைதான் சம்மன் வந்தது. அவளுக்கும் அச்சடித்த தாள்தான், அவளுக்கும் 53ஆம் அத்தியாயம்தான். வருகிற திங்கட்கிழமை உங்களில் ஒருவருடைய வாங்கில் வந்து குந்தியிருப்பாள், மடியில் ஒரு கொப்பி இருக்கும். அவளிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு வயற்காரி